கரடிகுட்டாவில் ஒரு கல் நத்தை

டோரதி ஆறாம் வகுப்பை இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

போன வருடம் கணக்கில் பதினெட்டு மார்க். அவளோடு படித்தவர்கள் எல்லோரும் மாடியில் இருந்த ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். இவள் மட்டும் கீழேயே நின்றுவிட்டாள். பழைய தோழிகள் படிக்கட்டில் எதிரே வந்தால், "ஹாய் டோரதி" என்று சொல்லிவிட்டு வேகவேகமாக ஏறிப் போவார்கள். புது வகுப்புப் பிள்ளைகள் அவளை அக்கா என்றும் கூப்பிடவில்லை, பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. கூப்பிடவே இல்லை.

வீட்டுக்கும் யாரும் வரமாட்டார்கள். அதற்குக் காரணம் அவளுடைய அப்பா தியோடரின் தொழில். லிங்கராஜபுரத்தில் சர்ச்சுக்குப் பக்கத்துச் சந்தில் அவர் சவப்பெட்டி செய்யும் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால்தான் வீடு. வீட்டுக்குள் போகவேண்டுமென்றால் பெட்டிகளைத் தாண்டித்தான் போகவேண்டும். டோரதிக்கு அது பழகிப்போன விஷயம். மற்றவர்களுக்கு அப்படி இல்லையே.

1999ஆம் வருடம், ஜூலை மாதம் முதல் சனிக்கிழமை. அறிவியல் ஆசிரியர் சுந்தரராமன், வகுப்பையே ராமநகரத்துப் பக்கம் இருக்கும் கரடிகுட்டா என்ற குன்றுக்குக் கூட்டிப்போனார். காலையிலிருந்தே தூறல். வானம் முழுக்கச் சாம்பல் நிறம். குன்றும் அதே நிறம்.

சுந்தரராமன் சார் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளை எண்ணினார். பாதி வழியில் எண்ணும்போது நாற்பத்தொன்றுதான் வந்தது.

"ஐயோ, ஒண்ணு குறையுதே! யாரு? யாரக் காணோம்?" என்று பதறினார்.

"சார், நான் உங்க பின்னாடிதான் நிக்கிறேன்" என்றாள் டோரதி.

எல்லோரும் சிரித்தார்கள். டோரதியும் சிரிப்பது போல் பாவனை செய்தாள்.

உச்சிக்குப் போனதும் பிள்ளைகள் ஒரு பெரிய பாறையின் கீழே ஒதுங்கி, கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். எந்தக் கூட்டத்திலும் அவளுக்கு இடம் இல்லை. இடம் விடு என்று கேட்கவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. பாறையைச் சுற்றி மறுபக்கம் போனாள்.

அங்கே பாறையில் ஒரு சின்னக் குழிவு. அதற்குள் ஐந்தாறு தட்டைக் கற்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. சமையலறையில் தட்டுகளை அடுக்குவது போல அவ்வளவு ஒழுங்காக. டோரதி மேல் கல்லை எடுத்தாள். அடுத்ததை எடுத்தாள். நான்காவது கல்லை எடுத்தபோது அடியில் வேறொரு கல் தெரிந்தது.

அது அவளுடைய உள்ளங்கை அளவு இருந்தது. மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். நடுவில் ஒரு புள்ளியில் தொடங்கி, சுற்றிச் சுற்றி, பெரிதாகிக்கொண்டே போகும் ஒரு சுருள். சுருளின் மேல் வரிசையாகக் கோடுகள். தடவினால் சீப்பின் பல் போல விரலில் தட்டுப்பட்டன.

அதை வெளியே எடுத்ததும் மிச்சக் கற்கள் சரிந்து விழுந்தன.

"சார்! சார், இங்க வாங்க!"

சார் மட்டுமல்ல, வகுப்பே ஓடி வந்தது.

"ஆட்டுக் கொம்புடா!"

"இல்ல, பாம்பு சுருண்டு படுத்திருக்கு."

"பேக்கரியில விக்காமப் போன க்ரீம் பன்" என்றான் ஓஸ்வால்ட்.

சுந்தரராமன் சார் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டோரதி, இது புதைபடிவம் மாதிரி இருக்கும்மா. ஃபாசில்! எப்பவோ உயிரோட இருந்த ஒண்ணு, கல்லா மாறினது. எங்க கிடைச்சது?"

டோரதி திரும்பிப் பார்த்தாள். சரிந்து கிடந்த கற்கள் யார் கண்ணிலும் படவில்லை.

"இங்கதான் சார். மண்ணுல கிடந்துச்சு" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. யாரோ அடுக்கி வைத்ததைக் கலைத்து எடுத்தேன் என்று சொல்வதைவிட அது நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு முன் சீட் கிடைத்தது. "டோரதி, எனக்குக் காட்டு!" "டோரதி, அடுத்தது நான்!" லிங்கராஜபுரம் வருவதற்குள் பதினேழு பேர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் எண்ணிக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமையே கல் பள்ளியின் கண்ணாடி அலமாரிக்குப் போய்விட்டது. அந்தச் சனிக்கிழமை அறிவியல் கண்காட்சி. 'கண்டெடுத்தவர்: டி. டோரதி, ஆறாம் வகுப்பு' என்று சார் தன் கையாலேயே ஓர் அட்டையில் எழுதி வைத்தார். "என்ன பிராணின்னு தெரிஞ்சா அதையும் எழுதிடலாம்" என்றார்.

புதன்கிழமை மாலை, சார் அவளையும் கல்லையும் ஒரு கல்லூரிக்குக் கூட்டிப்போனார். அங்கே பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்தும் பேராசிரியை ஃபாத்திமா, சாரின் நண்பர். அவர் அறையில் மேசை, நாற்காலி, ஜன்னல் திட்டு எங்கே பார்த்தாலும் கல். உட்காருவதற்கே இரண்டு கற்களை நகர்த்தவேண்டியிருந்தது.

ஃபாத்திமா மேடம் பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார். ஒரு சின்னப் பாட்டிலிலிருந்து ஒரே ஒரு சொட்டு அமிலத்தைக் கல்லின் ஓரத்தில் விட்டார். 'ஸ்ஸ்' என்று நுரை வந்தது.

"சுண்ணாம்புக் கல்" என்று தலையாட்டினார். பிறகு சிரித்தார். "இது அம்மோனைட். பாக்க நத்தை மாதிரி இருக்கில்ல? ஆனா நத்தை இல்ல. கணவாய் மீன் தெரியுமா? அதுக்குச் சொந்தம். நிறையக் கைகள் இருக்கும். கடல்ல நீந்தும். வளர வளர ஓட்டுக்குள்ள புதுசா ஒரு அறை கட்டிக்கிட்டு அதுக்குக் குடி போயிடும். பழைய அறைகள் எல்லாம் பின்னாடி காலியா இருக்கும்."

"இப்பவும் இருக்கா மேடம்?" என்று டோரதி கேட்டாள்.

"இல்லம்மா. ஒண்ணுகூட இல்ல. இது செத்து ஏறக்குறைய பத்துக் கோடி வருஷம் ஆகுது. எங்க கிடைச்சது?"

"கரடிகுட்டாவுல" என்றார் சார் பெருமையாக.

ஃபாத்திமா மேடம் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "அரே, அது எப்படி? அந்தக் குன்று பூமிக்கு அடியில உருகிக் கிடந்த பாறை இறுகினது. அதுக்கு வயசு இருநூத்தைம்பது கோடி. அப்ப நத்தையும் கிடையாது, மீனும் கிடையாது. அந்தப் பாறையில இது இருக்கவே முடியாது."

"அப்ப?"

"தமிழ்நாட்டுல அரியலூர் பக்கம் ஒரு காலத்துல கடல் இருந்துச்சு. அங்க ஓடையில, வயல்ல இந்த மாதிரிக் கிடைக்கும். அங்கேருந்து யாரோ கொண்டு வந்திருக்காங்க." மேடம் டோரதியைப் பார்த்தார். "சரியாச் சொல்லும்மா. மண்ணுக்குள்ள புதைஞ்சிருந்துச்சா, மேல கிடந்துச்சா?"

டோரதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மேல கிடந்துச்சு மேடம்."

"யாரோ கை தவறிப் போட்டிருப்பாங்க. பரவாயில்ல, கண்டெடுத்தது கண்டெடுத்ததுதானே" என்றார் சார். மேடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். சார் அதை நான்காக மடித்து டோரதியின் கையில் கொடுத்து, "பத்திரம்" என்றார்.

கை தவறி விழுந்த கல்லின் மேல் மற்ற கற்கள் தாமாக ஏறி உட்காருமா?

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த நினைப்பு அவளை விடவில்லை. கடையில் அப்பா ஒரு பெட்டிக்குள் வெள்ளைத் துணி வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அது நீளம் குறைவான பெட்டி. நீளம் குறைவான பெட்டி செய்யும் நாட்களில் அப்பா ரேடியோ போடமாட்டார்.

டோரதி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி வாங்க வருபவர்கள் சில நேரம் பொருள்களையும் கொண்டு வருவார்கள். ஒருவர் தன் மனைவியின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எடுத்து வந்தார். ஒரு அம்மா, பாட்டரி இல்லாத டிரான்சிஸ்டரைக் கொண்டு வந்து, "இது இல்லாட்டி அவருக்குத் தூக்கம் வராது" என்றார். அப்பா ஏன் என்று கேட்கமாட்டார். அவற்றை வைக்க மூலையில் கொஞ்சம் இடம் விடுவார்.

எங்கோ அரியலூரிலிருந்து ஒரு கல். அதைத் தூக்கிக்கொண்டு ஒருவர் குன்றின் உச்சிவரை ஏறியிருக்கிறார். மழை படாத குழிவாகப் பார்த்து வைத்திருக்கிறார். காற்றில் உருளாமல் இருக்க மேலே கல் அடுக்கியிருக்கிறார்.

டோரதி எழுந்து அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா, நான் ஒருத்தரோட பெட்டியத் திறந்துட்டேன்" என்றாள்.

அப்பா சுத்தியலைக் கீழே வைத்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர், "இப்ப என்ன பண்ணப் போற?" என்று மட்டும் கேட்டார்.

"கல்ல வச்சவங்க திரும்ப வருவாங்கப்பா. வந்து பாத்தா அங்க இருக்காது. நாம போய்க் கேட்டுப் பாக்கலாமா?"

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே அவள் சுந்தரராமன் சாரிடம் போனாள். "சார், நான் பொய் சொன்னேன்" என்று ஆரம்பித்தாள். முடிக்கும்போது வகுப்பில் பாதிப் பேர் வந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சார் அலமாரியைத் திறந்து, கல்லை எடுத்து அவளிடம் கொடுத்தார். அட்டையையும் எடுத்து மேசை டிராயருக்குள் போட்டார்.

"சனிக்கிழமை எல்லா ஸ்கூல்லேருந்தும் வர்றாங்க. இந்த இடத்துல நான் எதம்மா வைக்கிறது?" என்றார். அவர் கோபமாகப் பேசியிருந்தால்கூட டோரதிக்கு இவ்வளவு வலித்திருக்காது. (கடைசியில் அந்த இடத்தில் ஒரு கற்றாழைத் தொட்டியை வைத்தார்கள். அதை யாரும் நின்று பார்க்கவில்லை.)

அன்று மதியம் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. "திருடி" என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, டோரதியும் அப்பாவும் ரயிலில் ராமநகரம் போய், அங்கிருந்து கரடிகுட்டாவுக்குப் போனார்கள். அன்றும் தூறல்தான். அடிவாரத்தில் ஜயம்மா என்ற பெண், குடைக்கு அடியில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தார். டோரதி கன்னடத்தில் கேட்டாள்:

"ஆன்ட்டி, இந்த மலைக்கு அடிக்கடி வர்றவங்க யாராவது இருக்காங்களா? கோயிலுக்கு இல்ல, சும்மா வர்றவங்க."

ஜயம்மா வெள்ளரியில் மிளகாய்ப்பொடி தடவிக்கொண்டே யோசித்தார். "ஒரு தமிழ்க்காரர் வருவார். மாசத்துல முதல் ஞாயிறு. ஏறுவார், இறங்குவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். போன ஞாயிறு மட்டும் பேசினார், பாவம்."

"என்ன பேசினார்?"

"நத்தை மாதிரி ஒரு கல்லைப் பாத்தீங்களான்னு கேட்டார். இல்லைன்னேன். அதோ அந்த மரத்தடியில உட்கார்ந்து அழுதார். மழையில நனைஞ்சுக்கிட்டே தேடினார். கிடைச்சா சொல்லுங்கன்னு நம்பர் குடுத்துட்டுப் போனார்."

மஞ்சள்பையிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்துக் கொடுத்தார். போன ஞாயிறு. அதாவது, அவள் கல்லை எடுத்ததற்கு மறுநாள்.

ராமநகரத்து எஸ்டிடி பூத்திலிருந்து டோரதிதான் பேசினாள். அது அவர் வீட்டு நம்பர் இல்லை. வீட்டை வாடகைக்கு விட்டவரின் நம்பர். "இருங்க, கூப்பிடுறேன்" என்றார்கள். பிறகு ஓர் ஆணின் குரல் கேட்டது.

"யாருங்க?"

"அங்கிள், கரடிகுட்டாவுல நீங்க வச்சிருந்த கல்லு... அத எடுத்தது நான்தான். என் பேரு டோரதி."

பூத்தின் மீட்டரில் சிவப்பு எண்கள் மாறிக்கொண்டே இருந்தன.

"உடையலையேம்மா?" என்று கேட்டார் அவர்.

அவர் பெயர் கோதண்டராமன். பொம்மனஹள்ளியில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறார். வரிசையாக ஆறு வீடுகள் இருந்த காம்பவுண்டில் கடைசி வீடு. டோரதியும் அப்பாவும் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்து மணி. ஒரே அறை. சுவரில் ஒரு பையனின் ஸ்கூல் போட்டோ. அறையின் மூலையில், கட்டிலில் ஒரு பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். யார் வந்தார்கள் என்று திரும்பியும் பார்க்கவில்லை.

"என் மனைவி தமயந்தி. உடம்புக்கு ஒண்ணுமில்ல. யார்கிட்டயும் பேசறதில்ல. வெளியேயும் வர்றதில்ல. எட்டு மாசமா இப்படித்தான்" என்றார் கோதண்டராமன் மெதுவாக.

டோரதி கல்லை நீட்டினாள். "மன்னிச்சிடுங்க அங்கிள்."

அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். எங்காவது சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். தியோடர் எதுவும் பேசாமல் அவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துகொண்டார். பேசாமல் உட்காருவது அவருக்கு நன்றாகத் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து கோதண்டராமனே சொன்னார். "கவியரசன். ஆறாவது படிச்சான். மஞ்சக்காமாலை. பத்தே நாள்ல போயிட்டான். லீவுல அந்த மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன். அந்த வாரம் ஓவர்டைம், அடுத்த வாரம் வேற ஏதோ. போகவே இல்ல. அதான் அவன் கல்லையாவது கொண்டு போய் வச்சேன்."

"எங்க கிடைச்சது அங்கிள் இது?"

"எங்க ஊரு அரியலூர்ப் பக்கம். மாமா வயலுக்குப் பின்னாடி ஒரு ஓடை. அதுல எடுத்தான். ஸ்கூலுக்குக் கொண்டு போனான். யாரோ உளியால செதுக்கினதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்களாம். பசங்க எல்லாம் கிண்டல். வீட்டுக்கு வந்து, 'அப்பா, இது பிராணிப்பா, தண்ணியில இருந்ததுப்பா'ன்னு அழுதான்." அவர் குரல் உடைந்தது. "அரியலூர்ல ஏதுடா தண்ணின்னு நானும் சிரிச்சேன்மா."

டோரதி பையைத் திறந்து, நான்காக மடித்த தாளை எடுத்தாள்.

"அங்கிள், கவியரசன் சொன்னதுதான் சரி."

கோதண்டராமன் நிமிர்ந்தார்.

"இதோட பேரு அம்மோனைட். இது நிஜமாவே பிராணி. தண்ணியிலதான் இருந்துச்சு. அரியலூர்ல அப்ப கடல் இருந்துச்சு அங்கிள், பெரிய கடல். காலேஜ் மேடம் பாத்துச் சொன்னாங்க. அவங்க பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாங்க, அமிலம் எல்லாம் விட்டுப் பாத்தாங்க. கவியரசன் சும்மா பாத்தே கண்டுபிடிச்சிட்டான்."

அப்புறம் மூலையிலிருந்து ஒரு குரல், ரொம்ப நாள் திறக்காத கதவு மாதிரி, கேட்டது.

"இன்னொரு தடவ சொல்லு."

தமயந்தி எழுந்து உட்கார்ந்திருந்தார்.

டோரதி இன்னொரு தடவை சொன்னாள். ஓட்டுக்குள் அறை அறையாகக் கட்டிக் குடிபோவதையும், நிறையக் கைகளையும், பத்துக் கோடி வருடத்தையும் சேர்த்துச் சொன்னாள். தமயந்தி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கோதண்டராமனும் அழுதார். டோரதிக்கும் அழுகை வந்தது. தான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அப்பாவைப் பார்த்தாள். இல்லை என்று அவர் தலையசைத்தார்.

அழுது முடித்ததும் தமயந்தி கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, ஒரு பெரிய பிஸ்கட் டின்னை இழுத்தார். மூடியைத் திறந்தார். உள்ளே முழுக்கக் கற்கள். கோடு போட்டவை, சிப்பி மாதிரி இருந்தவை, பல் மாதிரி கூராக இருந்த ஒன்று.

"எல்லாம் அவன் பொறுக்கினது. இதுக்கெல்லாம் பேரு என்ன?" என்று கேட்டார்.

டோரதி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். "எனக்குத் தெரியல ஆன்ட்டி" என்றாள் உண்மையாக. "ஃபாத்திமா மேடத்துக்குத் தெரியும். புதன்கிழமை சாயங்காலம் இருப்பாங்க. நான் கொண்டு போய்க் கேட்டுட்டு வரட்டுமா?"

தமயந்தி டின்னைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நானும் வரேன்."

கோதண்டராமன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். எழுந்து போய் டீ போட அடுப்பைப் பற்றவைத்தார்.

புதன்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. தமயந்தி அப்போதே பழைய பேப்பரைக் கிழித்து, கற்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாதபடி ஒவ்வொன்றாகச் சுற்ற ஆரம்பித்தார். டோரதி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த கல்லை எடுத்துக் கொடுத்தாள்.